கழிப்பறைச் சாவி யாரிடம்?

வாசகர் கேள்வி – பதில்

இரண்டு இதழ்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருந்தேன். ஒரு புலிகள் காப்பகத்தின் வரவேற்பு மையம், புதிதாகக் கட்டிய கழிப்பறை, டைல்ஸ் எல்லாம் பளபளவென்று இருக்கிறது, கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. சாவி கேட்டதற்கு, டிக்கெட் கொடுத்தவர் "அண்ணன் சாப்பிடப் போயிருக்காரு, வந்துருவாரு" என்றார். மணி அப்போது காலை பத்தேகால். என்னோடு வந்திருந்த அத்தைக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை நோய் வேறு. அவர் பட்ட பாட்டை விவரமாக எழுதினால் வீட்டுக்குள் விடமாட்டார் என்பதால் அத்தோடு நிறுத்தி, தேசியப் பூங்காக்களில் பார்வையாளர் வசதிகளை அங்கேயே வாழும் மக்களோடு கூட்டுச் சேர்ந்து நடத்தினால்தான் இது தீரும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த இதழின் பக்கம் முழுக்க. பெயர் போடாதீர்கள் என்று நாலைந்து பேர் கேட்டிருந்ததால் எல்லாருக்குமே ஊர் மட்டும்.

திருப்பூர் வாசகர்: கழிப்பறையைச் சுத்தமாக வைக்க எதற்குச் சார் மக்கள் கூட்டு? காண்ட்ராக்ட் விட்டால் முடிந்தது. அரசிடம் பணமா இல்லை?

கட்டப் பணம் இருக்கிறது. ஏதாவது ஒரு திட்டத்தில் வந்துவிடும், கூடவே திறப்பு விழாக் கல்வெட்டும் வந்துவிடும். அதற்கப்புறம் பினாயில் வாங்க, மோட்டார் பழுது பார்க்க, தினமும் ஒரு ஆள் நிற்க வருஷா வருஷம் ஆகும் செலவுக்குத்தான் ஒதுக்கீடு தேட வேண்டியிருக்கும்.

காண்ட்ராக்ட் விட்டுப் பார்த்த இடங்களும் உண்டு, நானே இரண்டு மூன்று பார்த்திருக்கிறேன். காண்ட்ராக்டர் டவுனில் இருப்பார். அவர் சம்பளத்துக்கு வைத்த அம்மா யானை நடமாடும் பாதையில் காலையில் நடந்து வர வேண்டும், மழைக்காலம் வந்தால் நின்றுவிடுவார். கோடையில் யானை வந்து தண்ணீர்த் தொட்டியைச் சாய்த்துவிட்டுப் போகும் (காட்டில் தண்ணீர் வாசனை அடிக்கிற எதையும் யானை விட்டுவைக்காது, பிளாஸ்டிக் டேங்க் என்றால் இன்னும் சுலபம்), காண்ட்ராக்டரைக் கேட்டால் அது ஒப்பந்தத்தில் இல்லை என்பார். அதே இடத்தை அந்தக் காட்டுக் கிராமத்துக் குழு நடத்தினால், சனிக்கிழமைக் கூட்டம் வருவதற்குள் தொட்டியை நிமிர்த்தியாக வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு இருக்கும். ஏனென்றால் அன்றைக்கு வருகிற வண்டிகளில்தான் அவர்களுடைய வருமானம் இருக்கிறது. அவர்கள் ரொம்ப நல்லவர்கள், காண்ட்ராக்டர் ரொம்ப மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. தொட்டி சாய்ந்தால் யாருக்கு நஷ்டம் என்பதுதான் வித்தியாசம்.

பணம் எங்கிருந்து என்று கேட்டீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006-ல் செய்த திருத்தத்தின்படி ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் தனியாக ஒரு அறக்கட்டளை வைக்க வேண்டும். நீங்கள் வாசலில் கட்டுகிற பணம் அரசுக் கஜானாவுக்குப் போய்க் காணாமல் போகாமல், அந்தக் காட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்குமே திரும்பச் செலவாக இது ஒரு வழி. உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொண்டு சூழல் சுற்றுலாவை வளர்ப்பது அந்த அறக்கட்டளையின் நோக்கங்களில் ஒன்று என்று சட்டத்திலேயே இருக்கிறது. நேபாளத்தில் இன்னும் வெளிப்படை. சித்வன் போன்ற தேசியப் பூங்காக்களின் வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை சுற்றியுள்ள ஊர்களின் வளர்ச்சிக்கு என்று 1996-லேயே விதி போட்டுவிட்டார்கள். இங்கே அப்படி ஒரு எண்ணைச் சொல்ல நமக்கு ஏனோ வாய் வருவதில்லை.

கம்பம் வாசகர்: தேக்கடியில் காட்டுக்குள் கூட்டிப் போகிற கைடுகள் எல்லாம் ஒரு காலத்தில் கடத்தல்காரர்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். உண்மையா, கதையா?

எல்லாரும் இல்லை, ஆனால் உண்மைதான். உங்கள் மலைக்கு அந்தப் பக்கம் நடந்த கதை, சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

தேக்கடி இருக்கிற பெரியாறு புலிகள் காப்பகம் இன்றைக்கு 925 சதுர கிலோமீட்டர். நடுவில் கிடக்கும் ஏரி, 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் வந்தது. அந்தத் தண்ணீர்தான் உங்கள் ஊர் வயலுக்கும் வருகிறது. 1990-களின் பாதி வரைக்கும் அங்கே வனத்துறைக்கும் சுற்று ஊர்களுக்கும் தீராத சண்டை. காட்டுக் கருவாப்பட்டை மரத்தை வெட்டிப் பட்டை உரித்து விற்பது ஒரு கூட்டத்துக்குத் தொழில். மலையாளத்தில் அதற்கு வயணை என்று பெயர். வாரக்கணக்கில் காட்டுக்குள் தங்கி உரிப்பார்கள், சாப்பாட்டுக்கு மிளா மானையோ மற்றதையோ சுடுவார்கள், பிடிபட்டால் வழக்கு, ஜாமீன், திரும்பவும் காடு. வக்கீலுக்குக் கொடுக்கவே இன்னும் கொஞ்சம் பட்டை உரிக்க வேண்டிய நிலைமை.

1996-ல் இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. உலக வங்கியும் உலகச் சூழல் நிதியமும் பணம் கொடுக்க, நாடு முழுக்க ஏழு காப்பகங்களில் நடந்த திட்டம். அதில் பெரியாறும் ஒன்று. அப்போதிருந்த அதிகாரிகள் செய்த வேலை, இந்தப் பட்டை உரிப்பவர்களையே உட்கார வைத்துப் பேசியது. வழக்குகளைத் திரும்பப் பெறுகிறோம், நீங்கள் வெட்டுவதை விட்டுவிட்டுப் பார்வையாளர்களைக் காட்டுக்குள் கூட்டிப் போங்கள், அதில் வருகிற பணம் உங்களுக்கு என்றார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 'முன்னாள் வயணைப் பட்டை சேகரிப்போர்' என்று குழுவுக்குப் பெயரே வைத்தார்கள். மறைக்காமல் அப்படி வைத்ததில் எனக்கு ஒரு மரியாதை. காட்டில் இரண்டு மூன்று நாள் நடந்து கூடாரத்தில் தங்கும் 'டைகர் டிரெயில்' அவர்கள் கையில் வந்தது. சின்னக் குழு, கூடவே துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். பழைய கூட்டாளிகள் எந்த வழியாக வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? பார்வையாளர் நடந்த பாதை எல்லாம் ரோந்துப் பாதையாகவும் ஆனது. தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து போய்ச் சந்தன மரம் வெட்டியவர்களும் பின்னால் இதே மாதிரி 'விடியல்' என்ற பெயரில் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள்.

இதோடு நின்றிருந்தால் ஒரு நல்ல செய்தி, அவ்வளவுதான். எழுபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் ஆயின என்பதுதான் முக்கியம். மன்னான், பளியர் என்ற பழங்குடிகளில் பல குடும்பங்கள் மிளகு வியாபாரிகளிடம் முன்பணம் வாங்கி, கொடி காய்க்கும் முன்பே விளைச்சலை எழுதிக் கொடுத்துவிட்டுத் தவித்தன. முதலில் அந்தக் கடனை அடைக்க வழி செய்தார்கள், மிளகை நல்ல விலைக்குச் சேர்ந்து விற்க ஏற்பாடு வந்தது, சுற்றுலா அதற்கப்புறம்தான். மூங்கில் மிதவைப் பயணம், இரவு ரோந்தோடு சேர்ந்த நடை, மாட்டுவண்டியில் உங்கள் பக்கத்து வயல் தோட்டம் வரை கூட்டி வருவது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு குழுவுக்குப் போனது. 2002 வாக்கில் 'வசந்த சேனை' என்று ஊர்ப் பெண்கள் ஒரு அணியாகச் சேர்ந்தார்கள். தினமும் சில பேர் முறை வைத்துக் காட்டு ஓரத்தில் ரோந்து போகிறார்கள், சம்பளம் கிடையாது. முதலில் கேட்டபோது நானும் நம்பவில்லை.

2004-ல் திட்டப் பணம் முடிந்தது. பெரும்பாலான திட்டங்கள் செத்துப் போகிற இடம் இதுதான், பலகை மட்டும் துருப்பிடித்து நிற்கும். கேரளா அந்த நேரம் பெரியாறு அறக்கட்டளையைப் பதிவு செய்து, நுழைவுக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைக் கூடுதலாக வாங்கி அதில் குழுக்களைத் தாங்கிப் பிடித்தது. புலிகள் காப்பகங்களுக்கு அறக்கட்டளை என்று மேலே சொன்ன சட்டத் திருத்தம் இதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்ததுதான்.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. காப்பகத்தின் விளிம்பில் குமுளி முழுக்க விடுதியாகிவிட்டது, அந்த முதலாளிகள் சம்பாதிப்பதற்கு முன்னால் குழுக்களின் வருமானம் எறும்பு. அப்புறம், ஏரியில் ஓடும் பெரிய படகுகள் இந்தக் குழுக்கள் நடத்துபவை அல்ல. 2009 செப்டம்பர் 30-ம் தேதி படகு கவிழ்ந்து 45 பேர் இறந்த அதே ஏரி அது. வசதி என்று பேசும்போது உயிர்காக்கும் சட்டையையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

சென்னை வாசகி: மலை ஏறத் தெரிந்த எங்களுக்கு எதற்குக் கட்டாயமாக ஒரு கைடு? இது பணம் பிடுங்கும் வேலை இல்லையா?

2018 மார்ச் 11, குரங்கணி. தேனி மாவட்டத்துக் காட்டுத் தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நல்லா நடக்கத் தெரிந்தவர்கள்தான் அவர்களும். மார்ச்சில் போதைப்புல் என்கிற காட்டுப்புல் காய்ந்து கிடக்கும் சரிவில் எந்தப் பக்கம் தீ ஓடும், எந்தப் பக்கம் பாறை இருக்கிறது என்பது அந்த மலையில் ஆடு மாடு மேய்த்தவருக்குத் தெரியும், உங்கள் கைபேசிக்குத் தெரியாது. அதற்கப்புறம் விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தபோது, அந்தந்த ஊர் இளைஞர்களுக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாகப் போட்டார்கள். கட்டணம் அதிகம் என்று நீங்கள் சண்டை போட்டால் உங்கள் பக்கம் நிற்பேன், சில பாதைகளுக்கு ஒரு குடும்பமாகப் போனால் பர்ஸ் நிஜமாகவே அழும். அதில் எவ்வளவு வழிகாட்டிக்குப் போகிறது என்று ரசீதிலேயே அச்சடிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் ஆளே வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஈரோடு வாசகி, கல்லூரி மாணவி: பழங்குடி மக்களைச் சுற்றுலாப் பயணிகளுக்குப் பரிமாறவும் ஆடிக்காட்டவும் வைப்பதைத்தான் 'கூட்டு' என்கிறீர்களா? எனக்கு அது அவமானமாகத் தெரிகிறது.

சில இடங்களில் எனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது, அம்மா. ஒரு மலை வாசஸ்தலத்துத் தனியார் விடுதியில் ராத்திரி பஃபேக்கு நடுவில் ஒரு ஆட்டம். ஆடியவர்களுக்கு அந்த விடுதிச் சமையலறையின் பின்பக்கம் சாப்பாடு. இதில் எந்தக் கூட்டும் இல்லை, கூலி மட்டும்தான்.

அதற்கு மாறாக, கோயம்புத்தூர் பக்கம் காரமடையிலிருந்து மேலே போனால் பரளிக்காடு. பில்லூர் அணையின் தேக்கத்தை ஒட்டிய இருளர் ஊர். தேசியப் பூங்கா கிடையாது, சாதாரண வனப்பகுதி, வனத்துறையோடு சேர்ந்து ஊர்க்காரர்கள் நடத்துகிறார்கள். வார இறுதியில் மட்டும், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். பரிசல் ஓட்டுவது அந்த ஊர் ஆண்கள், சமைப்பது அந்த ஊர்ப் பெண்கள், களியும் குழம்பும் தயிர்ச்சோறும் வயிறு நிறைய. பரிசல் அவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்தது, சமையலும் தெரிந்தது, யாரும் நடித்துக் காட்ட வேண்டியதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த 'வார இறுதி மட்டும்'. மிச்ச ஐந்து நாளும் அவர்களுடைய காடு, அவர்களுடைய வேலை.

ராமநாதபுரம் மாவட்டத்தில் காரங்காடு என்று ஒரு மீனவ ஊர், அலையாத்திக் காட்டுக்குள் அந்த ஊர்க்காரர்களே படகில் கூட்டிப்போகிறார்கள், மீன் சாப்பாடும் ஊர்ப் பெண்கள் கையில். அங்கேயும் இதே கதைதான். நீங்கள் எந்த இடத்துக்குப் போனாலும் ஒன்று கேட்டுப் பாருங்கள்: இன்றைக்கு இது வேண்டாம் என்று உங்களால் நிறுத்த முடியுமா? பதில் சொல்லும் முன் அவர்கள் யாரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும்.

சிட்னி வாசகர்: இங்கே உலுரு என்ற பெரிய பாறை இருக்கிற தேசியப் பூங்காவைப் பழங்குடியினருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது உங்கள் பேச்சில் சேருமா?

நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் இந்தக் கேள்வியை மாணவியின் கேள்விக்கு அடுத்ததாக வைத்தேன். 1985 அக்டோபர் 26-ல் அந்த நிலத்தின் உரிமையை அனங்கு என்ற பழங்குடி மக்களிடம் கொடுத்தார்கள், அவர்கள் அதை 99 வருஷத்துக்கு அரசின் பூங்காத் துறைக்குக் குத்தகைக்கு விட்டார்கள். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை அவர்கள். நுழைவுக் கட்டணத்தில் கால் பங்கு அவர்களுக்கு. அந்தப் பெரிய பாறைமேல் ஏற வேண்டாம், அது எங்களுக்குப் புனிதமானது என்று பல வருஷமாகப் பலகை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், கடைசியில் 2019 அக்டோபர் 26-ல், நிலம் திரும்பக் கிடைத்த அதே தேதியில், ஏறுவதை அடியோடு நிறுத்திவிட்டார்கள். முக்கியமான சுற்றுலா 'அயிட்டம்' ஒன்றையே நிறுத்தும் அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது, பாருங்கள். முப்பத்து நாலு வருஷம் ஆனது என்பதையும் மறக்க வேண்டாம்.

அம்பாசமுத்திரம் வாசகர்: எங்கள் ஊர் சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக்கு வருகிற கூட்டத்தை எந்தக் குழு சமாளிக்கும்? சாமி கும்பிட வருகிறவனைச் சுற்றுலாப் பயணி என்று சொன்னால் அடிக்க வருவான்.

அடிக்கத்தான் வருவான். அவனுக்கு அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் இல்லை, அய்யனார் இருக்கிற இடம். தாத்தா காலத்தில் மாட்டுவண்டி கட்டி வந்து தாமிரபரணிக் கரையில் குடில் போட்டுத் தங்கினார்கள் என்றால், அப்போது அவர்கள் கொண்டு வந்தது ஓலைப்பாய், மண்பானை, வாழையிலை. இப்போது வருவது தெர்மாகோல் தட்டும் ஷாம்பு பாக்கெட்டும். பரிகாரம் என்று ஆற்றில் விடுகிற துணி தனி. கல்லூரிப் பிள்ளைகளும் தன்னார்வலர்களும் டன் கணக்கில் அள்ளுகிறார்கள், அடுத்த வருஷமும் அள்ளுகிறார்கள்.

சபரிமலையும் பெரியாறு காப்பகத்துக்குள்தான் வருகிறது. அங்கே மேலே சொன்ன திட்டக் காலத்தில் பெருவழிப் பாதையில் கடை போடும் உரிமையை உள்ளூர்க் குழுக்களிடம் கொடுத்தார்கள். கடை போடுகிறவர்களே குப்பைக்கும் பொறுப்பு, காட்டு விறகை எரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. சபரிமலை குப்பையில்லாமல் ஆகிவிட்டது என்று நான் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் யாரைக் கேட்பது என்று தெரியாத நிலைமை மாறியது. உங்கள் ஊரில் காரையாறு, மயிலாறு பக்கம் காணிக்காரர்கள் இருக்கிறார்கள். திருவிழாக் கடை, குடில், தற்காலிகக் கழிப்பறை, துணியைப் போடத் தனித் தொட்டி, எல்லாவற்றுக்கும் கட்டணம் வாங்கி அவர்கள் நடத்த, கோயில் ஆட்கள் கூட நின்றால் என்ன? சாமி பெயரைச் சொல்லிக் கோயில்காரர் கேட்டால் ஜனம் கேட்கும். யூனிபார்ம் போட்டவர் சொன்னால் "எங்க தாத்தா காலத்துல இருந்து" என்று ஆரம்பிப்பார்கள். கோயிலையும் 'சமூகம்' என்று சேர்த்துக்கொள்ளாமல் நம் பக்கத்தில் எந்தக் காட்டையும் நடத்த முடியாது என்பது என் கட்சி.

குன்னூர் வாசகி: பிளாஸ்டிக் தடை இருக்கிறது, சோதனைச் சாவடி இருக்கிறது, ஆனாலும் ரோட்டோரம் பாட்டில் கிடக்கிறதே?

தண்ணீர் பாட்டிலைத் தடை செய்தவர்கள் குழாய்த் தண்ணீர் இயந்திரங்களையும் வைத்தார்கள், சரியான யோசனை. அது வேலை செய்யாத நாளில் பயணி என்ன செய்வார்? ஒளித்து வைத்துத்தான் கொண்டு வருவார். அந்த இயந்திரத்தை அந்தந்த இடத்துப் பெண்கள் குழுவிடம் விட்டு, விழும் காசில் பங்கும் கொடுத்திருந்தால் நின்றுபோன அன்றைக்கே ஆள் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நீலகிரியில் நிஜமாகவே வேலை செய்தது இன்னொன்று: 2022 மே மாதம் டாஸ்மாக்கில் ஆரம்பித்த பாட்டில் திரும்பப் பெறும் திட்டம். உடைந்த பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் விடாமல் கேட்டதால் வந்தது. வாங்கும்போது பத்து ரூபாய் கூடுதல், காலிப் பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்ப. குடித்தவர் போட்டுவிட்டுப் போனாலும் பொறுக்குகிறவருக்குப் பத்து ரூபாய் கிடைக்கிறது. அப்புறம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. குடிகாரரை நம்பி ஒரு சூழல் திட்டம் ஜெயித்தது என்றால் குடும்பத்தோடு வருகிறவர்களை நம்பக்கூடாதா? சிப்ஸ் பாக்கெட்டுக்கும் வாசலிலேயே எண்ணி முன்பணம் வாங்கலாம்.

ஊர் பெயரும் வேண்டாம் என்றவர்: எங்கள் ஊரில் வனத்துறை அமைத்த சூழல் மேம்பாட்டுக் குழு இருக்கிறது. நான் அதில் உறுப்பினர் என்பதே போன வருஷம்தான் எனக்குத் தெரியும். கணக்குப் புத்தகத்தை யாரும் பார்த்ததில்லை. பாதுகாப்பு வேலைக்குத் தினக்கூலி மட்டும் வருகிறது, அதுவும் மாதம் தள்ளி. என்ன செய்யலாம் அண்ணா?

தம்பி, உங்கள் கடிதத்தைத்தான் மூன்று தடவை படித்தேன். நாடு முழுக்க இருக்கிற குழுக்களில் பாதிக்கு மேல் உங்கள் கதையாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

வழக்கமாக இந்தக் குழுக்களின் வங்கிக் கணக்கு, தலைவர் ஒருவர், வனத்துறை சார்பில் செயலாளர் ஒருவர் என்று இரண்டு கையெழுத்தில் இருக்கும். தலைவர் உங்கள் ஊர்க்காரர்தானே, முதலில் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். சண்டைக்கு இல்லை, பாஸ்புக்கைப் பார்த்தீர்களா மாமா என்று கேட்க. பெரும்பாலும் அவரும் பார்த்திருக்க மாட்டார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். அப்புறம் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லி உறுப்பினர்கள் பத்துப் பதினைந்து பேர் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் நடந்தால் தீர்மானப் புத்தகத்தில் அன்றைக்கே எழுத வையுங்கள், வெற்றுத்தாளில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். நடக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் குழுவின் நுண்திட்டம் (உங்கள் ஊருக்கென்று எழுதி வைத்த வேலைத் திட்டம்), மூன்று வருஷ வரவு செலவு, இரண்டை மட்டும் கேளுங்கள். நிறையக் கேட்டால் நிறையத் தட்டிக் கழிப்பார்கள்.

பழங்குடி ஊர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 2006 வன உரிமைச் சட்டத்தில் கிராம சபைக்கு இருக்கிற அதிகாரம் இந்தக் குழுவைவிடப் பெரியது. குழு வனத்துறை உத்தரவில் பிறந்தது, இன்னொரு உத்தரவில் போய்விடும். ஊரே சேர்ந்து காட்டைப் பயன்படுத்தவும் காக்கவும் அந்தச் சட்டம் தருகிற சமூக வன உரிமை கைக்கு வந்தால் அப்படிப் போகாது. அதைக் கேட்கும் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

கணக்கு கைக்கு வந்த பிறகு, தங்கும் குடிலில் ஆரம்பிக்காதீர்கள். எல்லாரும் குடிலில்தான் ஆரம்பிக்கிறார்கள், கடனில் முடிக்கிறார்கள். வண்டி நிறுத்துமிடம், டீ, கழிப்பறை, இந்த மூன்றில் சாமான் குறைவு, காசு தினமும். பரம்பிக்குளத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். கேரளக் காடு, ஆனால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போக முடியும், இரண்டு மாநிலச் சோதனைச் சாவடிக்கும் காசு அழ வேண்டும். உள்ளே சிறு பேருந்தும் பழங்குடி வழிகாட்டியுமாக நடக்கிறது. பேருந்தில் கன்னிமாரா என்ற பெரிய தேக்கு மரத்தைப் பார்த்துவிட்டு வந்தால் போதாது. வழிகாட்டிகளோடு ஒரு ராத்திரி உட்கார்ந்து சம்பளம் எப்படி வருகிறது, தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், அதிகாரி மாறினால் என்ன ஆகிறது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். மூன்றாவது கேள்விக்கு வருகிற பதில்தான் உங்களுக்கு உபயோகப்படும்.

சேலம் வாசகர்: தேசியப் பூங்கா என்றால் மனிதர்களே போகக்கூடாது. வசதி செய்யச் செய்யக் கூட்டம்தான் பெருகும். மூடிவிடுங்கள் என்கிறேன்.

2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய அதைத்தான் செய்தது, புலிகள் காப்பகங்களின் உள்வட்டத்தில் சுற்றுலாவை நிறுத்தி வைத்தது. அக்டோபரில் விதிமுறைகளோடு திரும்ப விட்டார்கள். உள்வட்டத்தில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தக் கூடாது, புதிதாக எதுவும் கட்டக் கூடாது என்று அதில் வந்தது. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. கழிப்பறை, வாகன நிறுத்தம், சாப்பாடு எல்லாம் வெளி விளிம்பில், ஊரை ஒட்டி இருக்கட்டும். காட்டுக்கு நிம்மதி, ஊருக்கு வியாபாரம். கூட்டம் பெருகும் என்ற உங்கள் பயம் நியாயம், அதற்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கை கட்ட வேண்டும். முழுக்க மூடினால் என்ன ஆகும் என்பதற்குத் தேக்கடியின் பழைய கதையைத் திரும்பப் படியுங்கள். பார்வையாளர் போகாத மலைச்சரிவுகளில்தான் அன்றைக்குப் பட்டை உரித்தார்கள்.

மதுரை வாசகர்: சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாவை எந்தக் காட்டுக்குக் கூட்டிப் போகலாம்?

கிண்டி தேசியப் பூங்கா. 2.7 சதுர கிலோமீட்டர்தான், சென்னைக்கு நடுவில், தரை சமதளம். அதை ஒட்டிய சிறுவர் பூங்காவிலேயே மான்களைப் பார்த்துவிடலாம். மலைக் காடுகள் என்றால் கிளம்பும் முன் தொலைபேசியில் சாய்தளம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், "இருக்கு" என்றுதான் சொல்வார்கள். எத்தனை படி என்று கேளுங்கள். ஒரு இடத்தில் சாய்தளம் இருந்தது, அதன் உச்சியில் இரண்டு படியும் இருந்தன.

நாமக்கல் வாசகர்: அவ்வளவு காசு கொடுத்துப் போனால் புலியைப் பார்க்கலாமா?

நான் பதினோரு முறை போய் ஒரு தடவை வால் பார்த்தேன். கைடு அதைப் புலி என்று சொன்னார், அத்தை இன்றுவரை அது நரி என்கிறார்.